கொம்பையாவின் பங்கு

செங்காட்டூரில் எடை குறைக்கும் ஆராய்ச்சி தொடங்கிய வருஷம் மழை பிந்திப் பெய்தது, மழை பிந்தியதால் விளைச்சல் பிந்தியது, விளைச்சல் பிந்தியதால் கல்யாணங்கள் எல்லாம் தள்ளிப்போயின, கல்யாணங்கள் தள்ளிப்போனதால் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னாலிருக்கும் சமுதாயக் கூடம் சும்மா கிடந்தது, சும்மா கிடந்ததால்தான் அதை மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த டாக்டர் நிலோஃபருக்கு ஆறு மாதத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். மழை மட்டும் ஐப்பசியில் ஒழுங்காகப் பெய்திருந்தால் டாக்டரம்மா வேறு ஊருக்குப் போயிருப்பார், ஆவுடையம்மாளும் தன் பாட்டுக்கு இருந்திருப்பாள்.

ஆராய்ச்சிக்கு நாற்பது பெண்கள் பெயர் கொடுத்தார்கள். ஆளுக்கொரு வெள்ளை டப்பாவில் மாத்திரை தந்தார்கள். பாதி டப்பாக்களில் இருந்தது மருந்து, மீதிப் பாதியில் இருந்தது வெறும் மாவு, யாருக்கு எது என்பது டாக்டரம்மாவுக்கும் தெரியாது, மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் ஜெபராணிக்கும் தெரியாது, தெரிந்திருந்தது சென்னையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் என்றார்கள். ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு கூடத்துக்குப் போக வேண்டும், மெஷினில் ஏறி நிற்க வேண்டும், இடுப்பை டேப் வைத்து அளக்கக் கொடுக்க வேண்டும், தின்றதை எல்லாம் எழுதிய சாப்பாட்டு நோட்டை ஒப்படைக்க வேண்டும். எங்கள் பெண்கள் தலையில் வைத்த பூவைக்கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏறினார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மாவும் பக்கத்து வீட்டுக்காரிக்கு மருந்தும் கிடைத்திருப்பதாகச் சத்தியம் செய்தாள்.

அந்த நாற்பது பேரில் ஒருத்திதான் பீடி சுற்றும் ஆவுடையம்மாள். நாற்பத்தாறு வயது, எண்பத்து மூன்று கிலோ, ரத்தத்தில் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவள் புருஷன் கொம்பையா முறுக்கு மாஸ்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகாராஷ்டிரா பக்கம் முறுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான், முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணினான், அப்புறம் மாதத்துக்கு ஒன்றானது, அப்புறம் அதுவும் நின்றுபோனது. தேடிப்போனவர்களில் ஒருத்தர் அவனைப் புனே ஸ்டேஷனில் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருத்தர் ரயிலில் அடிபட்டு இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன் என்றார், இரண்டுக்குமே அத்தாட்சி இல்லை. பிள்ளைகுட்டியும் இல்லாத வீட்டில் ஆவுடை தாலியோடும் பொட்டோடும் இருந்தாள், தினமும் இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.

முதல் ஆறு வாரம் யாருக்கும் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. டாக்டரம்மா நோட்டுகளை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு படித்தார், காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு தட்டுச் சோறு, சாயங்காலம் சீனி போடாத டீ, ராத்திரி ஒரு தோசை, நாற்பது நோட்டிலும் ஏறக்குறைய இதேதான். இவ்வளவு தின்று இவ்வளவு எடையோடு இருக்க மனுஷ உடம்பால் முடியாது என்று அவருக்குத் தெரியும், ஆனால் இந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை என்பதும் அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கடைசியில் ஜெபராணியைக் கூப்பிட்டு, சாப்பாட்டு வேளையில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னார்.

ஜெபராணி போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் கடித்துவிட்டுப் போன தோசை விளிம்புகள் அம்மாக்களின் வாய்க்குள் போவதைப் பார்த்தாள், புருஷன் பாதியில் எழுந்துபோன சோற்றில் மோர் ஊற்றிப் பிசைவதைப் பார்த்தாள், சட்டியில் ஒட்டியிருந்த வறுவலை வழித்து நக்குவதைப் பார்த்தாள். இதை ஏன் எழுதவில்லை என்று நாற்பது வீட்டிலும் கேட்டாள், நாற்பது வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. அது என் சாப்பாடு இல்லையே, அது பிள்ளையுடையது, அது அவருடையது, கொட்ட மனசு வராமல் வாயில் போட்டது, அதையெல்லாம் போய் யாராவது எழுதுவார்களா என்றார்கள். விழுங்கியது யார் வாய் என்று ஜெபராணி கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோட்டில் தன் சாப்பாட்டை எழுதச் சொன்னார்கள், தன் சாப்பாட்டை எழுதினார்கள், அவ்வளவுதான்.

ஆவுடையின் வீட்டுக்கு ஜெபராணி காலை நேரத்தில் போனாள். ஆவுடை ஒரு மூடிபோட்ட தூக்குவாளியைத் திறந்து, முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்ததைப் பிழிந்து, ஒரு ஆள் சோற்றை முழுசாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இத நீங்க நோட்டுல எழுதலியே?"

"இது எனக்குள்ளது இல்ல ஜெபா. அவுகளுக்குள்ளது. நேத்து வருவாகன்னு எடுத்து வச்சேன். வரல. கொட்டக் கூடாதுல்லா."

பதினோரு வருஷமாக ஒவ்வொரு நாளும் அப்படி எடுத்து வைத்தாள், ஒவ்வொரு நாள் காலையிலும் அப்படித் தின்றாள்.

டாக்டரம்மா எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, அடுத்தவர் தட்டில் மிஞ்சியதைத் தொடக் கூடாது, கோழிக்குப் போடுங்கள், நாய்க்குப் போடுங்கள், அதைவிட முதலிலேயே அளவாகச் சமையுங்கள் என்று சொன்னார். சொல்வது சுலபம், கை கேட்க வேண்டுமே. கை கேட்பதற்கு இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு எடை இறங்கத் தொடங்கியது, இறங்கிய எடை உரியவர்களைத் தேடிப் போகத் தொடங்கியது.

முதலில் போனது இசக்கியம்மாளின் எடைதான். செவ்வாய்க்கிழமை மூன்று கிலோ இறங்கியிருந்தாள், வியாழக்கிழமை கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகன் போன் பண்ணினான். கட்டிலின் கால்மாட்டில் ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, மெத்தை மட்டும் அமுங்கியிருக்கிறது, மெஸ்ஸிலிருந்து தராசு வாங்கிவந்து வைத்துப் பார்த்தோம், சரியாக மூன்று கிலோ இருக்கிறது என்றான். இசக்கியம்மாள் அதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அது நீ சின்ன வயசிலிருந்து மிச்சம் வைத்தது, நான் இத்தனை நாள் சுமந்தேன், இனி நீ வைத்துக்கொள், ஒழுங்காகத் தட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அதன் பிறகு ஊரே அதற்குப் பழகிக்கொண்டது. ரேஷன் கடைக்காரரின் மனைவி உடம்பிலிருந்து இறங்கிய ஐந்து கிலோ நேராகப் போய்க் கடைத் தராசில் உட்கார்ந்துகொண்டது, அவரும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஐந்தைக் கழித்துக் கழித்து அரிசி போட்டார், மூன்றாம் நாள் அதைக் கெஞ்சிக் கேட்டு ஸ்டூலுக்கு மாற்றினார். கிரேஸ் டீச்சரின் எடை ஐந்தாம் வகுப்பில் பிரிந்து பிரிந்து பல பெஞ்சுகளில் உட்கார்ந்தது, பிள்ளைகள் டிபனில் மிச்சம் வைத்ததை எல்லாம் அவர்தான் இத்தனை காலம் தின்று தீர்த்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. சங்கரன்கோவில் போகும் ஏழு பத்து பஸ்ஸில் கடைசிச் சீட்டை எடைகளுக்கென்று விட்டுவிட்டார்கள். கண்டக்டர் செண்பகராஜ் சீட்டு அமுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுத்தான், மடியில் வைக்கும் பிள்ளையைவிடக் குறைவாகத்தானே இருக்கிறது என்று டிக்கெட் கேட்கவில்லை. தெருவில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் போயாச்சா என்று கேட்டுக்கொண்டார்கள், எனக்கு ஒரு கிலோ திருப்பூர், முக்கால் கிலோ மாமனார் என்று பதில் சொன்னார்கள்.

செத்துப்போனவர்களுக்கு உரியது எங்கே போகும் என்பதும் தெரியவந்தது. கோமு மதினி அமாவாசைக்கு அமாவாசை மாமியாருக்குப் படையல் போட்டு, அந்த இலைச் சோற்றை வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே சாப்பிடுகிறவள். அவளிடமிருந்து இறங்கிய ஒன்றரைக் கிலோ வாசல் தாண்டவில்லை. இலை போடும் இடத்தில் போய் உட்கார்ந்தது, மறுநாளும் அங்கேயே இருந்தது, வாரக் கணக்கில் அங்கேயே இருந்தது. அவர்களும் அதைச் சுற்றிப் பெருக்கினார்கள், அதைத் தாண்டாமல் நடந்தார்கள். உயிரோடு இருப்பவர்களின் பங்கு பஸ் ஏறும், இல்லாதவர்களின் பங்கு வீட்டிலேயே தங்கும் என்று ஊருக்குப் புரிந்துபோனது.

கம்பெனியிலிருந்து ஆராய்ச்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். கூடத்தில் ஒரு காலி நாற்காலியில் உட்காரப்போனவர், அதில் ஏற்கெனவே ஏதோ இருப்பது தெரிந்து சட்டென்று எழுந்து, நாற்காலியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொன்றில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் யோசித்தார். எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் எங்கள் திட்டத்தில் கேட்டிருக்கிறோம், எங்கே போனது என்று கேட்கவில்லை, அதனால் அதை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது என்று முடிவாகச் சொன்னார். ஆனால் கல்லூரியின் நெறிமுறைக் குழு அப்படி விடவில்லை. ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும், எல்லோரும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதி அனுப்பியது. "ஆராய்ச்சியின்போது குறையும் எடை உரியவரிடம் சென்று சேரக்கூடும் என்பது எனக்கு என் தாய்மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டது" என்பதுதான் அந்த வரி.

முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆவுடை மட்டும் படிவத்தை மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் மட்டும் தூக்குவாளிச் சோற்றை விடவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் மெஷினில் ஏறினாள், ஒவ்வொரு தடவையும் அதே எண்பத்து மூன்று. எதனால் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளைப் பார்த்து போயாச்சா என்றும் யாரும் கேட்கவில்லை. வம்பு பேசுவதற்கென்றே பிறந்த எங்கள் ஊர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லக்கூட வேண்டியதில்லை என்றார். ஆனால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, இந்த எடையோடு முழங்கால் இன்னும் இரண்டு வருஷம் தாங்காது, அதற்கப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆவுடை தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"எறங்குன எடை வீட்டுலயே உக்காந்துட்டா நான் என்ன செய்வேன் டாக்டரம்மா? வாசலத் தாண்டிப் போயிட்டா, அப்பமும் நான் என்ன செய்வேன்?"

டாக்டரம்மா பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார், இரண்டு பேரும் அதைக் குடித்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில், ஆவுடை தூக்குவாளியோடு அடுப்படியில் எழுந்திருக்கும்போது இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. வாளி கையிலிருந்து நழுவி உருண்டு, சோறு பின்வாசல் வரைக்கும் சிதறியது. அவளால் எழுந்திருக்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கோழிகள் உள்ளே வந்தன, கொம்பையாவின் சோற்றைக் கொத்தத் தொடங்கின. சூ சூ என்று விரட்டிப் பார்த்தாள், எழுந்து வர முடியாதவள் என்று கோழிகளுக்கே தெரிந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவள் மனசில் இருந்தது ஒரே பயம்தான், அவன் பங்கு வேறு வாய்க்குப் போகிற நாளில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும், அதற்குத் தானே காரணமாகிவிடுவோம் என்கிற பயம். கோழிகள் ஒரு பருக்கை விடாமல் தின்றன, அலகைத் தரையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைத்தன, வந்த வழியே போயின. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆவுடை அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு காலில் பிடிப்பு விட்டதும் எழுந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஜெபராணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்றிலிருந்து கொம்பையாவின் பங்கைக் கோழிகள் தின்றன. மூன்றாவது செவ்வாயில் மெஷின் எண்பத்தொன்று என்று காட்டியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடை மெஷினைவிட்டு இறங்கினாள், இரண்டு கிலோ அவளுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது, அவளும் அதுவுமாகத் தெருவழியே வீட்டுக்கு நடந்தார்கள். மணலில் அவள் காலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அமுக்கம் கூடவே போவதைப் பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் போய் அது சுவரோரம் கொம்பையா சாப்பிட உட்காரும் இடத்தில் உட்கார்ந்தது. அன்று முழுவதும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. கோமு மதினி வீட்டு எடையும் இப்படித்தான் உட்கார்ந்தது என்று ஆவுடைக்குத் தெரியும். இலையும் தூளும் பரப்பிய பீடிச் சுளகை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து இலை வெட்டினாள். செத்துப்போனவனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் இனிமேல் செய்ய வேண்டும், யாரை முதலில் கூப்பிடுவது, அவன் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், அது அன்றைக்கு வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, அமுங்கியிருந்த பாய் மெதுவாக மேலெழும்பியது. வாசல் திரை விலகியது. ஆவுடை பீடிச் சுளகை அப்படியே போட்டுவிட்டு, வலிக்கிற காலை இழுத்து இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாள். ஏழு பத்து பஸ் வந்து நின்றது. படிக்கட்டுப் பக்கம் பஸ் ஒரு நூல் சாய்ந்தது, கடைசிச் சீட்டு அமுங்கியது. செண்பகராஜ் அவளைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், விசிலை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏறிருச்சு அக்கா," என்றான்.

"சரிப்பா, நீ போ," என்றாள் ஆவுடை.

அவன் உயிரோடு இருக்கிறான். நின்ற இடத்திலேயே அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பட்டதில்லை. அது பஸ் வளைவு திரும்பும் வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு, உயிரோடு இருந்துகொண்டேதான் பதினோரு வருஷம் வரவில்லை என்பது அவள் முன்னால் வந்து நின்றது.

அன்று மத்தியானம் அவள் அரிசியைப் பாதியாகக் குறைத்தாள்.

அப்புறம் எடை ஒன்று இரண்டு கிலோவாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது, எல்லாம் அதே பஸ்தான். அது எந்த ஊருக்குப் போகிறது என்று அவள் விசாரிக்கவில்லை. மதுரை ஸ்டேஷனில் வடக்கே போகும் ரயிலில் ஒரு சீட்டு ஆளில்லாமல் அமுங்கியிருந்ததாக யாரோ சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதம் முடிந்து கணக்குப் பார்த்தபோது பதினோரு கிலோ போயிருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது, கால் வலியில்லாமல் மடங்கியது. சென்னைக் கம்ப்யூட்டர் யார் யாருக்கு எந்த மாத்திரை என்று வெளியே சொன்னபோது, ஆவுடை தின்றதெல்லாம் வெறும் மாவு என்று தெரிந்தது. டாக்டரம்மா பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார், நாங்கள் எல்லோரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் அனுப்பி வைத்தோம், சமுதாயக் கூடத்தில் வாழைமரம் கட்டிக் கல்யாணங்கள் நடக்கத் தொடங்கின.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் முற்பகலில், ஆவுடை வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். இசக்கியம்மாள்தான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"ஆவுடை, நாந்தான்."

ஆவுடை சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான். ஆறேழு மாதமாக ஏதோ ஒன்று வந்து வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, இப்போது பத்துப் பதினோரு கிலோ ஆகிவிட்டது, அவன் போகிற இடத்துக்கெல்லாம் வருகிறது, சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்கிறது. ஒரு சாமியாரைக் கேட்டதற்கு ஊரில் யாரையோ கேள் என்று சொல்லிவிட்டார் என்றான்.

"வீட்டுல பிள்ளைக பயப்படுதுவ ஆவுடை."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவன் பேச்சு கேட்கவில்லை, ஆவுடையின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் முகத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றுதான் இசக்கியம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றாள் ஆவுடை. "அது உங்க சோறு. வருவீக வருவீகன்னு தினமும் எடுத்து வச்சது. கொட்ட மனசில்லாம நானே தின்னுட்டு இருந்தேன். எனக்கு ஒத்துக்கிடல. அதான் உங்ககிட்டயே வந்துட்டு. பிள்ளைகள ஒண்ணும் செய்யாது."

வரட்டுமா என்று அவன் கேட்டான்.

"இங்க ஒரு ஆளுக்குத்தான் ஒல வைக்கேன்."

சொல்லிவிட்டு ஆவுடை போனை வைத்தாள். இறக்கி வைத்த சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.